கப்பலில் வந்த இணையம் யாருக்கு?

மொரீஷியஸ் தீவின் தென்கிழக்குக் கரையில், 2020 ஜூலை 25 இரவு, ‘வாகாஷியோ’ என்ற சரக்குக் கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம் கொண்ட கப்பல் அது. பிரேசிலை நோக்கி வெறுங்கப்பலாகச் சென்றுகொண்டிருந்தது. அதை வாடகைக்கு எடுத்திருந்த ஜப்பானின் மிட்சுய் ஓ.எஸ்.கே. நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் நடந்ததை விளக்கியது. தீவிலிருந்து 22 கடல் மைல் விலகிப் போக வேண்டிய பாதை, விபத்துக்கு இரண்டு நாள் முன்பு 5 கடல் மைலாகக் குறைக்கப்பட்டது. விபத்து நடந்த அன்று 2 கடல் மைல் வரை நெருங்கிப் போக முயன்றார்கள். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் தூரத்துக்குள் வர வேண்டும் என்பதே காரணம்.

சுமார் 1,000 டன் எண்ணெய் அந்தத் தீவின் நீலக் கடற்கழியில் கொட்டியது. கப்பல் இரண்டாக உடைந்தது. இந்தியரான கேப்டனுக்கும் இலங்கையரான முதல் அதிகாரிக்கும் மொரீஷியஸ் நீதிமன்றம் 20 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அவர்கள் செய்தது தவறுதான். போதிய நுணுக்கம் இல்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்நியக் கரைக்கு அவ்வளவு அருகில் ஒரு மாபெரும் கப்பலைக் கொண்டுபோவதை எந்த மாலுமியும் நியாயப்படுத்த மாட்டார். ஆனாலும் அந்தத் தீர்ப்போடு விஷயத்தை மூடிவிட முடியாது. அது கொரோனா காலம். பெரும்பாலான நாடுகள் கப்பல் ஊழியர்களைக் கரையிறங்க விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் உலகெங்கும் ஒரு கட்டத்தில் 4 லட்சம் பேர் கப்பல்களில் சிக்கிக் கிடந்தார்கள். வீட்டில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடித்த 20 பேர் ஒரு கப்பலில் இருந்தார்கள். அவர்களுக்குக் கரையோரக் கைப்பேசிக் கோபுரம் தேவைப்பட்டது. அந்தத் தேவையைக் கப்பலுக்குள்ளேயே தீர்த்துவைக்கும் தொழில்நுட்பம் அன்றைக்கே இருந்தது. அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதுதான் முடிவாகாமல் இருந்தது.

இன்றைக்கு வணிகக் கப்பல்கள் மிக வேகமாக இணையத்தோடு இணைக்கப்பட்டு வருகின்றன. கடல் வாணிபத்தில் கடந்த கால் நூற்றாண்டில் இதைவிடப் பெரிய மாற்றம் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த இணைப்பு யாருடைய தேவைக்காக வருகிறது, அதில் மாலுமியின் பங்கு என்ன என்பதை நிறுவனங்களின் பெருந்தன்மைக்கு விட்டுவிட்டோம். அது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கட்டணத் தந்தியும் பனிப்பாறையும்

கேள்வி புதிதல்ல. 1912-ல் டைட்டானிக் கப்பலில் இருந்த கம்பியில்லாத் தந்திக்காரர்கள் இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். பணக்காரப் பயணிகள் காசு கொடுத்து அனுப்பும் செய்திகளைக் கரைக்குத் தட்டிவிடுவது அவர்களுடைய அன்றாட வேலை. அன்றிரவு அருகிலிருந்த ‘கலிஃபோர்னியன்’ கப்பலின் தந்திக்காரர், நாங்கள் பனிக்கட்டிக்கு நடுவே நிற்கிறோம் என்று எச்சரித்தபோது, குவிந்து கிடந்த பயணிகளின் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் தந்திக்காரர் அவரைக் குறுக்கிடாதே என்று தள்ளிவிட்டார். கலிஃபோர்னியனில் இருந்தவரோ ஒற்றை ஆள். இரவு பதினொன்றரை மணிக்கு மேல் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கருவி இரண்டு கப்பலிலும் இருந்தது. அதை யார், எதற்காக, எத்தனை மணி நேரம் இயக்க வேண்டும் என்ற விதி இல்லை. 1,500 பேர் மாண்ட பிறகுதான் 1914-ல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. இருபத்து நான்கு மணி நேரமும் வானொலிக் காவல் வேண்டும் என்ற கோட்பாடு பிறந்ததும் அப்போதுதான்.

அதன்பின் பல பத்தாண்டு காலம் பெரிய கப்பல்களில் ரேடியோ ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். 1979-ல் இன்மார்சாட் அமைப்பு உருவாகி, கடலுக்கென்றே செயற்கைக்கோள் சேவை வந்தது. 1999 பிப்ரவரி 1 முதல் புதிய அபாய அழைப்பு முறை முழுமையாக அமலுக்கு வந்ததும் மோர்ஸ் தந்தி ஓய்வு பெற்றது. ரேடியோ ஆபீசர் பதவியும் போயிற்று. அந்த வேலை கேப்டன் தலையிலும் மற்ற அதிகாரிகள் தலையிலும் ஏறியது. கருவி நவீனமாகும்போது ஆள் குறைவார், மிச்சமிருப்பவருக்கு வேலை கூடும். இந்த வழக்கம் அப்போது தொடங்கி இன்றுவரை மாறவில்லை.

மாலுமிகளின் வீடுகளுக்கு அந்த மாற்றமெல்லாம் எட்டவே இல்லை. தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களிலும் சென்னையிலும் ‘மகன் கப்பலுக்குப் போயிருக்கிறான்’ என்று சொல்லும் வீடுகள் ஏராளம். செயற்கைக்கோள் அழைப்புக்கு நிமிடத்துக்குப் பல டாலர் ஆன காலத்தில், துறைமுகத்தில் இறங்கி மாலுமிகள் மன்றத்தின் தொலைபேசி முன் வரிசையில் நின்று பேசுவதுதான் வழி. பிறகு கார்டு சுரண்டி ரகசிய எண் போட்டுப் பேசும் காலம் வந்தது. அதற்கும் பிறகு மாதத்துக்கு இத்தனை மெகாபைட் என்று அளந்து கொடுக்கும் வைஃபை வந்தது. ஒரு புகைப்படம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த அளவில் பாதி தீர்ந்துவிடும். தந்தை இறந்த செய்தி அடக்கம் முடிந்து பல நாள் கழித்துக் கிடைத்தவர்கள் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள்.

விலை விழுந்ததும் வந்த அக்கறை

பழைய செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பவை. செய்தி மேலே போய், கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்ப அரை விநாடிக்கு மேல் ஆகும். கப்பலின் மேல்தளத்தில் குவிமாடம் மாதிரி பெரிய ஆன்டெனா வைத்து, கப்பல் எப்படி ஆடினாலும் அது செயற்கைக்கோளையே பார்த்துக்கொண்டிருக்கும்படி மோட்டார்களால் திருப்ப வேண்டும். செலவு பிடித்த ஏற்பாடு. 2022 ஜூலையில் ஸ்டார்லிங்க் நிறுவனம் கப்பல்களுக்கான சேவையைத் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றுபவை. ஆன்டெனா தட்டையான ஒரு பலகை. தொடக்கக் கட்டணம் மாதம் 5,000 டாலர். அடுத்த ஆண்டே சில நூறு டாலரில் தொடங்கும் திட்டங்கள் வந்துவிட்டன. 2023 அக்டோபரில் மெர்ஸ்க் நிறுவனம் தன் சொந்தக் கன்டெய்னர் கப்பல்கள் 330-க்கும் மேற்பட்டவற்றில் இதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. ஹபாக் லாயிட் போன்ற பெரிய நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. போட்டி மிரட்டியதும் பழைய சேவை நிறுவனங்களும் விலையைக் குறைத்தன, வேகத்தைக் கூட்டின.

நிறுவனங்கள் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்கு மாலுமிகளின் ஏக்கம் மட்டும் காரணமல்ல. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பெரிய கன்டெய்னர் கப்பல் ஒரு நாளில் 100 டன்னுக்கு மேல் எரிபொருள் எரிக்கும். டன் 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 50,000 டாலர். வேகத்தையும் பாதையையும் சரிசெய்து அதில் வெறும் இரண்டு சதவீதம் மிச்சம் பிடித்தாலும் மாதம் 30,000 டாலர் கையில் நிற்கும். இணையக் கட்டணம் அதற்கு முன்னால் சில்லறை. முன்பெல்லாம் நாளுக்கொரு முறை, நண்பகலில், கப்பல் எங்கே இருக்கிறது, எவ்வளவு எண்ணெய் செலவானது என்று ‘நூன் ரிப்போர்ட்’ அனுப்புவார்கள். இப்போது இன்ஜினின் வெப்பநிலை, சுழல்வேகம், எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் உணர்கருவிகள் நொடிக்கு நொடி கரைக்கு அனுப்புகின்றன. குளிர்பதனக் கன்டெய்னரில் இருக்கும் இறாலும் மாம்பழமும் எந்த வெப்பநிலையில் இருக்கின்றன என்பதைச் சரக்கின் உரிமையாளரே தன் அலுவலகத்தில் இருந்து பார்க்கிறார்.

சட்டமும் நெருக்குகிறது. 2023 முதல் பெரிய கப்பல்களுக்கு அவற்றின் கார்பன் வெளியேற்றத்தை வைத்து ஆண்டுதோறும் தரக்குறியீடு கொடுக்கப்படுகிறது. 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்கள் கார்பன் வெளியேற்றத்துக்குப் பணமும் கட்ட வேண்டும். அதே 2024 ஜனவரி முதல், கப்பல் வருகை தொடர்பான ஆவணங்களை ஒற்றைச் சாளர முறையில் மின்னணு வடிவில் பெறுவது துறைமுகங்களுக்குக் கட்டாயமானது. துல்லியமான, இடைவிடாத தகவல் இல்லாமல் இனி ஒரு நிறுவனத்தால் தொழில் நடத்த முடியாது. ஆக, மாலுமிக்காகப் பல ஆண்டுகள் வராத இணையம் எரிபொருளுக்காக இரண்டே ஆண்டில் வந்துவிட்டது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எந்தத் தேவைக்காக வந்தது என்பதை மறந்துவிட்டால், அதைப் பங்கிடும்போது யாருக்குக் கடைசி இடம் கிடைக்கும் என்பதும் புரியாமல் போய்விடும்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்பது மாலுமிகளின் உரிமைச் சாசனம். இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அதில் 2022-ல் கொண்டுவந்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தன. மாலுமிகளுக்கு இணையம் உரிமையாகிவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. திருத்தத்தைப் படித்துப் பார்த்தால் அவ்வளவு தூரம் போகவில்லை என்று தெரியும். கட்டாயப் பகுதியில் பொழுதுபோக்கு வசதிகளோடு சேர்த்துச் சமூகத் தொடர்பு என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். இணைய வசதி வழிகாட்டுதல் பகுதியில்தான் வருகிறது. அதுவும் நடைமுறைக்கு நியாயமாகச் சாத்தியப்படும் வரையில் தர வேண்டும். கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். எத்தனை ஜிபி, என்ன வேகம், நியாயமான கட்டணம் என்றால் எவ்வளவு, எதுவும் இல்லை.

இதன் விளைவைக் கப்பல்களில் பார்க்கலாம். நல்ல நிறுவனங்கள் அறைக்கு அறை தாராளமாக, இலவசமாக இணையம் கொடுக்கின்றன. வேறு சில கப்பல்களில் ஒரே கப்பலுக்குள் அதிகாரிகளுக்கு ஓர் அளவு, கீழ்நிலை ஊழியர்களுக்கு வேறு அளவு. போசனும் ஆயிலரும் சமையல்காரரும் தங்கள் சம்பளத்திலிருந்து கார்டு வாங்கி வீட்டோடு பேசுகிறார்கள். குறைந்த சம்பளம் வாங்குபவர் அதிகக் கட்டணம் கட்டும் இந்த ஏற்பாட்டை எப்படி நியாயம் என்பது? மனைவியின் பிரசவ வலி போசனுக்கு மட்டும் குறைவாகவா வலிக்கும்?

கப்பல் முதலாளிகளின் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. இரவெல்லாம் வீடியோ பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் காவலுக்கு வருகிறார்கள், மெஸ் ரூமில் பேச்சுச் சத்தமே போய்விட்டது, வீட்டுச் சண்டை கப்பலுக்குள் வந்துவிடுகிறது என்கிறார்கள். பொய் இல்லை. 2018 ஜூலையில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே பென்ட்லேண்ட் ஸ்கெரீஸ் பாறைகளில் ‘பிரிசில்லா’ என்ற சரக்குக் கப்பல் ஏறியது. காவலில் தனியாக இருந்த அதிகாரி கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்ததைப் பிரிட்டிஷ் விசாரணை கண்டறிந்தது. காவல் நேரத்தில் கைப்பேசிக்கு அடியோடு தடை வேண்டும்; அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் தூக்கமின்மைக்கு இணையத்தை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓடும் சிறிய கப்பல்களில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று இரண்டே அதிகாரிகள் மாறி மாறி நிற்கும்போது அந்த ஓய்வு தாளில்தான் இருக்கிறது. ஆள் குறைத்ததால் வந்த சோர்வுக்கு வாட்ஸ்அப்பைக் கைகாட்டுவது வசதியான தப்பித்தல்.

இணையம் மாலுமிக்கு ஏன் அவசியம் என்பதற்கு மருத்துவத்தைப் பாருங்கள். நூறு பேருக்குக் குறைவானவர்கள் உள்ள கப்பலில் மருத்துவர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான். நெஞ்சுவலி வந்தாலும், கைவிரல் கயிற்றில் சிக்கித் துண்டானாலும் மருத்துவப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரியே பார்க்க வேண்டும். இத்தாலியின் ரோம் நகரில் 1935 முதல் கப்பல்களுக்கு இலவசமாக வானொலி மருத்துவ ஆலோசனை சொல்லும் மையம் ஒன்று இயங்குகிறது. அதன் முதல் தலைவர் மார்க்கோனியே. காயத்தைச் சொல்லில் விவரித்து, மருத்துவர் ஊகித்துப் பதில் சொன்ன காலம் அது. இன்று அதே காயத்தை வீடியோவில் காட்டலாம், இதயத்துடிப்பு வரைபடத்தை அனுப்பலாம். கப்பலைத் திருப்ப வேண்டுமா, ஹெலிகாப்டர் வேண்டுமா என்பதைச் சில நிமிடங்களில் முடிவெடுக்கலாம். மாலுமியின் உயிர் காக்கும் கருவிகளில் ஒன்றாக இணையத்தைச் சேர்க்க இதுவே போதுமான காரணம்.

கரையின் கை பிரிட்ஜ் வரை

இணைப்பு இன்னொன்றையும் கொண்டுவந்திருக்கிறது. முன்பு நடுக்கடலில் கேப்டன் சொல்வதே முடிவு. இப்போது கரையில் இருக்கும் அலுவலகம் ஒவ்வொரு நிமிடமும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறது. வேகம் ஏன் குறைந்தது, பாதை ஏன் விலகியது, நேற்றைய எண்ணெய்க் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று கேள்விகள் நள்ளிரவிலும் வருகின்றன. அலுவலகத்துக்கு அது காலை பத்து மணி, கப்பலுக்கு இரவு இரண்டு மணி. கப்பலின் பாதுகாப்புக்கு அவசியம் என்று கேப்டன் கருதும் முடிவை உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ தடுக்கக் கூடாது என்று உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயமே சொல்கிறது. அந்த விதியை எழுதியவர்கள், விநாடிக்கு விநாடி கண்காணிக்கப்படும் ஒரு கேப்டனை மனதில் வைத்து எழுதவில்லை. யாரும் ‘திரும்பாதே’ என்று உத்தரவிட வேண்டியதில்லை. ‘ஏன் திரும்பினீர்கள்?’ என்ற ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும், அடுத்த முறை அவர் யோசிப்பார்.

தகவல் கூடினால் பாதுகாப்பு தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2015 அக்டோபர் 1 அன்று ‘எல் ஃபாரோ’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஹோவாக்கின் சூறாவளியில் 33 பேரோடு மூழ்கியது. கேப்டன் பெரிதும் நம்பியது மின்னஞ்சலில் வந்த வண்ணமயமான வானிலை வரைபடத்தை. அதிலிருந்த தகவல் பல மணி நேரம் பழையது. அதைவிடப் புதிய எச்சரிக்கை எளிய எழுத்து வடிவில், கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் இருந்த இன்னொரு கருவியில் வந்துகொண்டிருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கைக் கடலில் இருக்கிறது. ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கப்பலில் நைட்ரிக் அமிலக் கன்டெய்னர் ஒன்று கசிவது 2021 மே 11 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் கசிவோடு கொழும்புக்கு வந்தது. மே 20-ல் புகை, பிறகு பெருந்தீ, ஜூன் 2-ல் மூழ்கத் தொடங்கியது. நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. மீனவர்கள் தொழில் இழந்தார்கள். ஒன்பது நாள் முன்பே செய்தி தெரிந்திருந்தது. செய்தி கிடைத்ததும் ஆபத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கு என்பது மட்டும் தெளிவாக இல்லை. கசியும் கன்டெய்னரை எந்தத் துறைமுகம் ஏற்க வேண்டும் என்று எந்த ஆன்டெனாவும் தீர்மானிக்காது; அதைச் செய்ய வேண்டியது அரசுகள்.

இணைக்கப்பட்ட கப்பல் தாக்கப்படக்கூடிய கப்பலும் கூட. 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற கெடுநிரல் மெர்ஸ்க் நிறுவனத்தின் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று நிறுவனத் தலைவரே பின்னர் சொன்னார். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். கப்பல்கள் மிதந்துகொண்டுதான் இருந்தன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்பதைத் துறைமுகங்களால் சொல்ல முடியவில்லை. நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையமும் முடங்கியது. அதே மாதம் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரையிலுள்ள விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. 2025 ஜூனில் ஹார்முஸ் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் இருப்பிடக் குறியீடுகள் குழம்பின.

இணையத் தாக்குதல் அபாயத்தைக் கப்பலின் பாதுகாப்பு மேலாண்மையில் சேர்க்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2021 முதல் வலியுறுத்துவது நல்ல முடிவு. ஆனால் அந்த வேலையைக் கப்பலில் யார் செய்கிறார்? மின்சார, மின்னணுத் தொழில்நுட்ப அதிகாரியை எல்லாக் கப்பல்களிலும் வைத்தாக வேண்டும் என்று பன்னாட்டு விதி எதுவும் சொல்லவில்லை. அவர் இல்லாத கப்பலில் சான்றிதழ் கோப்பும் கடவுச்சொல் பட்டியலும் மென்பொருள் புதுப்பிப்பும் இரண்டாம் அதிகாரிக்கோ கேப்டனுக்கோ போய்ச் சேரும். ரேடியோ ஆபீசரை இறக்கிவிட்டு அவருடைய வேலையை மற்றவர்களுக்குப் பங்கிட்ட அதே கதை மீண்டும் நடக்கிறது.

கைப்பேசி இல்லாத மாலுமி

எகிப்தின் சூயஸ் அருகே ‘அமான்’ என்ற கப்பலை உரிமையாளர்கள் கைவிட்டபோது, நீதிமன்றம் ஒரு சிரிய மாலுமியை அதன் சட்டக் காப்பாளராக நியமித்தது. நான்கு ஆண்டுகள் அவர் அந்தக் கப்பலை விட்டு வெளியேற முடியவில்லை; கடைசியில் தன்னந்தனியாக இருந்தார். மின்சாரம் இல்லை. கப்பல் புயலில் கரையருகே ஒதுங்கிய பிறகு, சில நாளுக்கொரு முறை நீந்திக் கரையேறி உணவு வாங்கிக்கொண்டு, கைப்பேசியை சார்ஜ் செய்துகொண்டு திரும்புவார். 2021 ஏப்ரலில்தான் வீடு போனார். அவருடைய நிலை உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கைப்பேசியால்தான். 2024-ல் மட்டும் இப்படிக் கைவிடப்பட்ட மாலுமிகள் 3,000-க்கும் மேல். நாடுவாரியாகப் பார்த்தால் அதில் அதிகம் பேர் இந்தியர்கள். சம்பளம் கொடுக்காத முதலாளி இணையக் கட்டணத்தைக் கட்டுவாரா? உதவி கேட்க வேண்டிய நேரத்தில்தான் இணைப்பு அறுகிறது.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தில் மோதிய ‘டாலி’ கப்பலின் ஊழியர்கள் 20 இந்தியரும் ஓர் இலங்கையரும். ஏப்ரலில் விசாரணை அமைப்பு கப்பலுக்குள் வந்து அவர்களுடைய கைப்பேசிகளை எடுத்துச் சென்றது. வங்கிக் கணக்கு, வீட்டாரின் எண்கள், குழந்தைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். கரையிறங்கவும் அனுமதியில்லாமல் வாரக்கணக்கில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பக்கூட முடியாமல் தவித்ததை மாலுமிகள் சங்கங்கள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டிவந்தது. விசாரணைக்குத் தேவையான தரவை நகலெடுத்துக்கொண்டு கருவியைத் திருப்பித் தரும் முறையைச் சட்டமாக்குவதில் என்ன தடை?

நம் கையில் இருப்பது

உலகத்தின் சுமார் 19 லட்சம் கடல் ஊழியர்களில் கணிசமானவர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியா ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கொடிபறக்கும் கப்பல்களில் இருக்கிறார்கள். அந்தக் கப்பல்களுக்கு நம் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்று கைவிரிக்கத் தேவையில்லை. அவர்களை அனுப்பும் முகவர் நிறுவனங்கள் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் உரிமம் வாங்கியே நடக்கின்றன. மாதம் எத்தனை ஜிபி இலவசம், அதற்கு மேல் என்ன விலை, அதிகாரிக்கும் கடைநிலை ஊழியருக்கும் ஒரே அளவா என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று அந்த உரிமத்துக்கு ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். 1958-ன் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025-ல் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் விதிகளில் இதை எழுதும் வாய்ப்பை நழுவவிடக் கூடாது. பிலிப்பைன்ஸ் தன் மாலுமிகளுக்கென்றே 2024-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நாம் ஒரு விதி எழுதத் தயங்கலாமா?

துறைமுகங்களுக்கும் பங்கு உண்டு. தங்கள் துறைமுகத்திலும் நங்கூரப் பகுதியிலும் நிற்கும் கப்பல்களின் மாலுமிகளுக்கு இணைய வசதி தர வேண்டும் என்று அதே 2022 திருத்தத்தின் வழிகாட்டுதல் நாடுகளுக்கும் சொல்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கு நம் கடற்பகுதியில் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும், அதில் தளர்வு கேட்கவில்லை. கட்டுப்பாடு விதிக்கும் அரசே மாற்று வழியையும் தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய மூன்று பெருந்துறைமுகங்களும் தங்கள் தளங்களிலும் நங்கூரப் பகுதியிலும் மாலுமிகளுக்கென்று இலவச இணைப்பு கொடுக்கத் தொடங்கலாம். பெரிய செலவு இல்லை. உத்தரவு ஒன்றுதான் வேண்டும். கொண்டுவரும் கன்டெய்னருக்கு அத்தனை மரியாதை செய்யும் துறைமுகம், அதைக் கொண்டுவந்தவருக்கு ஒரு வைஃபை கடவுச்சொல் கொடுத்தால் குறைந்துபோய்விடாது.

கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் காத்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம், எந்தக் கப்பல் என்று கேட்கிறீர்கள். கப்பலில் இணையம் எவ்வளவு, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள், ஒப்பந்தத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.